கரையோர வயலும் கடல்நீரும்

இலங்கையின் கரையோரம் ஏறத்தாழ 1,600 கிலோமீற்றர் நீளமுடையது. இக்கரையை அடுத்த தாழ்நிலங்களில் நெல்லும் தோட்டப் பயிர்களும் தலைமுறை தலைமுறையாகச் செய்கை பண்ணப்பட்டு வருகின்றன. யாழ்ப்பாணக் குடாநாட்டின் கடனீரேரிகளை அண்டிய வயல்களும், மன்னாரின் தாழ்நிலங்களும், முல்லைத்தீவில் நந்திக்கடலைச் சார்ந்த காணிகளும், மட்டக்களப்பு வாவியைச் சூழ்ந்த வயல்களும் இத்தகையன. இவ்விடங்களிற் பயிர் செய்வோர் மழையையும் வெயிலையும் நோக்குவது போலவே கடலையும் நோக்கியிருத்தல் வேண்டும்.

கடல்நீர் ஒருநாள் வயலில் ஏறி மறுநாள் இறங்கிவிடலாம். அது விட்டுச் செல்லும் உப்பு ஒரு போகத்தோடு நீங்குவதும் உண்டு; பல ஆண்டுகள் நின்று நிலத்தைத் தரிசாக்குவதும் உண்டு. இவ்விரண்டில் எது நேரும் என்பது, வெள்ளத்துக்கு முன் செய்த ஏற்பாட்டையும், வெள்ளம் வடிந்த பின் முதற் சில வாரங்களிற் செய்யும் வேலையையும் பெரிதும் பொறுத்துள்ளது. கடல் ஏறுவதைக் கமக்காரர் தனித்து நின்று தடுத்தல் இயலாது. ஏறிய உப்பை வயலில் நிலைகொள்ள விடாது வெளியேற்றுதல் அவர்களால் இயலும்.

கடல்மட்டம் உயர்தல்

உலகின் வெப்பம் கூடிவருதலால் கடல்மட்டம் உயர்ந்து வருகின்றது. இதற்குக் காரணங்கள் இரண்டு. சூடேறிய நீர் விரிவடைந்து கூடுதலான இடத்தைப் பிடித்தல் ஒன்று. மலைகளின் மேலுள்ள பனிக்கட்டியாறுகளும், கிறீன்லாந்து, அந்தாட்டிக்கா ஆகிய நிலப்பரப்புகளை மூடியுள்ள பனிப்படலங்களும் உருகிக் கடலிற் சேர்தல் மற்றொன்று. 1901ஆம் ஆண்டு தொடக்கம் 2018ஆம் ஆண்டு வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்ரிமீற்றர், அதாவது எட்டு அங்குலம், உயர்ந்துள்ளது. இவ்வுயர்வின் வேகமும் கூடியுள்ளது. 2006க்கும் 2018க்கும் இடையில் அது ஆண்டொன்றுக்கு 3.7 மில்லிமீற்றராக இருந்தது.

இந்நூற்றாண்டின் இறுதியில் நிலைமை எவ்வாறிருக்கும் என்பது, உலக நாடுகள் எரிபொருட் புகையை எவ்வளவு குறைக்கின்றன என்பதைப் பொறுத்தது. மிகவும் குறைத்தால், 1995 தொடக்கம் 2014 வரையிலான சராசரி மட்டத்திலும் பார்க்க 28 முதல் 55 சென்ரிமீற்றர் வரை உயரலாம் என்றும், குறைக்காது மிகுதியாக வெளிவிட்டால் 63 சென்ரிமீற்றர் முதல் ஒரு மீற்றர் வரை உயரலாம் என்றும் விஞ்ஞானிகள் மதிப்பிட்டுள்ளனர்.

எட்டு அங்குலம் என்பது சிறிதென ஒருவர் எண்ணக்கூடும். ஆயின் இலங்கைக் கரையில் வற்றுப்பெருக்கின் வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவானதே. கடல் பெரிதாக ஏறி இறங்காத கரையாதலால், முன்னோர் கடல்மட்டத்துக்கு மிக அண்மை வரை வயல் திருத்திப் பயிர் செய்தனர். கரையோர வயல்களின் வரம்புகளும் பல இடங்களில் ஓரடி உயரத்தை அதிகம் தாண்டுவதில்லை. பத்து அடி ஏறி இறங்கும் கடலின் கரையில் எட்டு அங்குலம் பொருட்படுத்தத் தக்கதாகத் தோன்றாதிருக்கலாம். இக்கரையிலோ அது வரம்பின் உயரத்தில் பெரும்பகுதியாகும்.

மேலும், கடல்மட்ட உயர்வின் முதற் கேடு வயல் நீரில் மூழ்குவதன்று. வயல்நீர் வடியாமற் போவதே. வாய்க்கால் கடலையோ களப்பையோ சேரும் இடத்தில் நீர்மட்டம் உயர்ந்து நிற்குமாயின், வயலில் நின்ற மழைநீர் வெளியேற வழியின்றித் தேங்கும். முன்னர் இரண்டு நாளில் வடிந்த வயல் இப்போது நான்கு, ஐந்து நாள் செல்லினும் வடியவில்லை என்று கரையோரக் கமக்காரர் காண்பாராயின், வாய்க்கால் தூர்ந்திருப்பதோடு கடைவாயில் நீர்மட்டம் உயர்ந்திருப்பதையும் ஆராய்தல் வேண்டும்.

காற்றும் அலையும் கடலைக் கரையேற்றும் விதம்

மெல்ல உயரும் மட்டத்திலும் பார்க்க, புயற்காலத்தில் திடீரென எழும் கடலே பெருஞ்சேதம் விளைவிப்பது. அது எழும் விதத்தை அறிந்திருத்தல் முன்னெச்சரிக்கைகளைச் சரிவரப் புரிந்துகொள்ள உதவும்.

முதலாவதாக, புயலின் நடுவில் வளியமுக்கம் குறைந்திருக்கும். அமுக்கம் ஒரு மில்லிபார் குறைய, அவ்விடத்துக் கடல் ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் மேலெழும். எனவே நாற்பது மில்லிபார் குறைந்த ஒரு புயலின் கீழ், காற்றின் வேலை தொடங்கும் முன்னரே கடல் ஓரடிக்கு மேல் உயர்ந்து நிற்கும்.

இரண்டாவதாக, கரையை நோக்கி இடைவிடாது வீசும் பலத்த காற்று நீரைத் தள்ளிக் கரையிற் குவிக்கும். ஆழ்ந்த கடலில் இவ்வாறு தள்ளப்பட்ட நீர் அடிவழியாக மீண்டுவிடும். ஆழங்குறைந்த கடலில் மீளுவதற்கு இடமின்றிக் கரைமேல் ஏறும். பாக்கு நீரிணையும் பாக்கு விரிகுடாவும் ஆழங் குறைந்தவையாதலின், மன்னார், யாழ்ப்பாணக் கரைகளுக்கு இவ்வாபத்து மிகுதி. கடனீரேரிகளிலும் இவ்வாறே நிகழும். பலத்த காற்று ஒரு பக்கத்து நீரை மறுபக்கத்துக்குத் தள்ளுதலைக் களப்போரத்தில் வாழ்வோர் நன்கு அறிவர்.

மூன்றாவதாக, பேரலைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கரையில் உடையும்போது, சென்ற அலையின் நீர் மீளும் முன் அடுத்த அலை வந்து சேரும். இதனாலும் கரையோர நீர்மட்டம் உயரும். மணற்றிட்டிகள் அரிக்கப்பட்டுக் கடல் உட்புக வழி திறக்கும்.

இம்மூன்றும் அமாவாசை அல்லது பறுவ நாளின் பெருக்கு வேளையில் ஒருங்கு சேருமாயின் ஆபத்து உச்ச நிலையை அடையும். கீழ்க்கரையில் வாடைக் காலத்திலேயே கடல்மட்டம் இயல்பாகச் சற்று உயர்ந்து நிற்பதும், அக்காலமே புயலும் பெருமழையும் உண்டாகும் காலமாகவும் பெரும்போக நெல் வயலில் நிற்கும் காலமாகவும் இருப்பதும் கவனிக்கத்தக்கன.

புயலும் காற்றும் இன்றிக் கடல் ஏறுவதும் உண்டு. தெற்கே வெகுதொலைவில், பெருஞ்சமுத்திரத்தில் எழுந்த புயலின் அலைகள் பல நாட் பிரயாணஞ் செய்து, வானம் தெளிந்திருக்கும் ஒரு நாளிற் கரையைத் தாக்கும். கேரளக் கரையின் மீனவர் இதனைக் கள்ளக்கடல் என்பர். இலங்கையின் மேற்குக் கரையும் தெற்குக் கரையும் இத்தகைய அலைகளுக்கு உட்படக்கூடியவை. ஆதலால் வானம் வெளித்திருக்கின்றது என்பதை மாத்திரம் கொண்டு கடலைப் பற்றிய எச்சரிக்கையைப் புறக்கணித்தலாகாது.

கடந்தகாலம் காட்டிய பாடங்கள்

1964ஆம் ஆண்டு டிசெம்பர் 22ஆம் நாள் ஒரு கடும்புயல் இலங்கையின் வடபகுதியைக் கடந்து சென்றது. அன்றிரவு அது பாக்கு நீரிணையின் மறுகரையில் இருந்த தனுஷ்கோடி நகரத்தைக் கடலுள் ஆழ்த்தியது. அந்நகரை நோக்கிச் சென்ற புகையிரதம் ஒன்று அதிலிருந்த பிரயாணிகளோடு அழிந்தது. ஆழங்குறைந்த கடலில் காற்று நீரைக் குவிக்கும் வலிமைக்கு இதனினும் துயரமான சான்று இப்பகுதியில் இல்லை.

1978ஆம் ஆண்டு நவெம்பர் 23ஆம் நாள் இரவு கீழ்க்கரையைத் தாக்கிய புயல், மட்டக்களப்பையும் அதனைச் சூழ்ந்த பகுதிகளையும் பாழாக்கியது. உயிரிழந்தோர் தொகை 900க்கும் மேற்பட்டது. மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்னந்தோட்டங்களில் மிகப்பெரும் பகுதி ஓரிரவிற் சாய்ந்தது. நெல்லை அடுத்த போகத்தில் மீண்டும் விதைத்தல் கூடும்; தென்னை பலன் தருவதற்குப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாளின் ஆழிப்பேரலை, கடலடியில் உண்டான நிலநடுக்கத்தால் எழுந்தது, வானிலையால் எழுந்ததன்று. எனினும் கடல்நீர் ஏறிய நிலத்தை மீட்பது பற்றி அது கற்பித்த பாடங்கள் புயல்வெள்ளத்துக்கும் பொருந்துவன. மழை நன்றாகப் பெய்து, வடிகாலும் சீராக இருந்த வயல்களில் உப்பு எதிர்பார்த்ததிலும் விரைவாகக் கழுவுண்டு போயிற்று. நீர் தேங்கி நின்று வெயிலில் வற்றிய பள்ளக்காணிகளில் உப்பு நெடுங்காலம் நின்றது. நீரும் காலமும் இரண்டு வயலுக்கும் ஒன்றாகவே இருந்தன, வடிகாலே வேறுபட்டது.

2025ஆம் ஆண்டு நவெம்பர் இறுதியில் வந்த டித்வா புயல், நாட்டின் பல பாகங்களிலும் ஆறுகளைப் பெருக்கெடுக்கச் செய்தது. புயற்காலத்தில் வெள்ளம் கடற்பக்கமிருந்து மாத்திரம் வருவதில்லை. மேலிருந்து ஆற்றுவெள்ளம் இறங்கி வரும்போது கீழே கடலும் உயர்ந்து நிற்குமாயின், இரண்டுக்கும் இடையில் அகப்படுவது கரையோர வயலே.

உப்பு நிலத்தையும் பயிரையும் வருத்துதல்

ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. ஓர் ஏக்கர் வயலில் ஓர் அங்குல ஆழத்துக்கு நின்ற கடல்நீர் வெயிலில் முற்றாக வற்றிவிடுமாயின், அவ்வயலில் எஞ்சும் உப்பு ஏறத்தாழ மூன்றரைத் தொன் ஆகும். அதே நீர் வற்றுமுன் வாய்க்கால் வழியே வடித்து விடப்படுமாயின், அவ்வுப்பின் பெரும்பகுதி நீரோடு சென்றுவிடும். வடிகால் வெட்டுவதற்குச் செலவாகும் ஒருநாட் கூலியின் மதிப்பு இக்கணக்கிலிருந்து விளங்கும்.

மண்ணில் உப்பு மிகும்போது, ஈரம் இருந்தும் பயிரின் வேர் அதனை உறிஞ்ச மாட்டாது. வயலில் நீர் நிற்கப் பயிர் வாடுவதன் காரணம் இதுவே. நெற்பயிரின் இலைநுனி வெளிறிப் பின் கருகும். பயிர் திட்டுத்திட்டாகக் குன்றி நிற்கும். கதிர் வெளிவந்தும் மணி பிடியாது பதராகும். நெல் முளைக்கும்போது உப்பை ஓரளவு தாங்கும். இளநாற்றுப் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும் அதற்குத் தாங்கும் வலிமை மிகக் குறைவு.

மண்ணின் உவர்த்தன்மையை மின்கடத்துதிறனைக் கொண்டு அளப்பர். இதன் அலகு மீற்றருக்கு டெசிசீமன் என்பது. கடல்நீரின் அளவு ஏறத்தாழ 50. நெல் 3 வரை விளைச்சல் குன்றாது தாங்கும். அதற்கு மேல் ஒவ்வோர் அலகுக்கும் விளைச்சலில் ஏறத்தாழ 12 வீதம் குறையும். 6 அலகுள்ள வயலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நட்டம் என்பது இதனாற் பெறப்படும். தோட்டப் பயிர்கள் பெரும்பாலும் நெல்லிலும் மெலியன. போஞ்சியும் கரட்டும் 1 அலகுக்கு மேல் தாங்கமாட்டா. கத்தரியும் வெங்காயமும் 1 அலகைச் சிறிது தாண்டியதும் குன்றத் தொடங்கும். மிளகாய் ஒன்றரை வரையும், தக்காளி இரண்டரை வரையும், பீற்றூட் 4 வரையும் தாங்கும்.

களிமண் நிலத்தில் உப்பு வேறொரு கேட்டையும் விளைவிக்கும். கடலுப்பிலுள்ள சோடியம் களித்துணிக்கைகளோடு ஒட்டி, அவற்றைப் பிரிந்து பரவச் செய்யும். மண்ணின் நுண்டுளைகள் அடைபட்டு நீர் உட்செல்ல மாட்டாது. காய்ந்தால் பாறைபோல் இறுகும். மணற்பாங்கான நிலத்தை ஒரு நல்ல மாரி கழுவிவிடக் கூடும். களிநிலத்துக்குக் கூடிய காலமும் கவனமும் வேண்டும்.

கிணற்று நீர்

யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்திலும், கரையோர மணற்பரப்பிலும், மழையால் ஊறிய நன்னீர் உவர்நீரின் மேல் மிதந்து நிற்கின்றது. நன்னீர் இலேசானது; உவர்நீர் சிறிது பாரமானது. இவ்வேறுபாட்டின் பயனாக, கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நிற்குமிடத்தில் அதன் கீழ் ஏறத்தாழ நாற்பது அடி நன்னீர் இருக்கும். இதன் மறுபக்கத்தையும் கமக்காரர் மறத்தலாகாது. இறைப்பினால் நீர்மட்டம் ஓரடி குறைந்து அவ்வாறே நிற்குமாயின், கீழேயுள்ள உவர்நீர் காலப்போக்கில் நாற்பது அடி மேலேறக்கூடும். துலாவால் இறைத்த காலத்தில் மனிதனின் களைப்பே கிணற்றுக்குக் காவலாயிருந்தது. இயந்திரத்துக்குக் களைப்பில்லை, ஆதலால் இறைப்பவரின் நிதானமே இப்போது காவலாதல் வேண்டும்.

கடல்நீர் புகுந்த கிணற்றை ஒரே முறையில் முற்றாக இறைத்துவிட்டாற் சுத்தமாகிவிடும் என்று எண்ணுதல் இயல்பு. ஆழிப்பேரலையின் பின் கீழ்க்கரையிற் பலர் இவ்வாறே திரும்பத் திரும்ப இறைத்தனர். உவர்ப்புக் குறையாததோடு, கீழிருந்த உவர்நீரும் மேலேறிய கிணறுகள் உண்டு. கிணற்றினுள் விழுந்த குப்பையையும் சேற்றையும் அகற்றி, நின்ற கடல்நீரை ஒருமுறை மெதுவாக இறைத்து, இறைத்த நீர் மீண்டும் கிணற்றருகே ஊறாதவாறு தொலைவில் விடுதல் போதுமானது. எஞ்சியதை மாரி மழையிடம் விடுதலே நன்று. அதுவரையில் அந்நீரைப் பயிருக்கு இறைத்தல் கூடாது. கருகிய பயிரைக் காக்கும் எண்ணத்தோடு உவர்நீரை இறைப்பவர், அடுத்த போகத்தின் நிலத்தையும் சேர்த்து இழக்க நேரும்.

முகத்துவாரமும் தடுப்பணையும்

கீழ்க்கரையின் களப்புகள் பல, ஆண்டின் ஒரு பகுதியில் மணற்றிட்டியால் மூடப்பட்டிருக்கும். மாரியில் ஆற்றுவெள்ளம் நிறைந்து வயல்கள் மூழ்கும்போது, முகத்துவாரத்தை வெட்டி நீரைக் கடலுக்கு விடும் வழக்கம் மட்டக்களப்பிலும் முல்லைத்தீவிலும் உண்டு. இதில் காலமறிதலே முக்கியம். வெட்டப் பிந்தினால், நெல் மூழ்கி அழியும். முழுவதும் மூழ்கிய பயிர் ஒரு வாரத்துக்கு மேல் தாங்குதல் அரிது. வெள்ளத்தின் வேகம் சேருமுன், கடல் உயர்ந்து நிற்கும் வேளையில் வெட்டினால், வெளியேற வேண்டிய நீருக்குப் பதிலாகக் கடல்நீர் உள்ளே வரும்.

இவ்விடயத்திற் கமக்காரரின் நலமும் மீன்பிடிப்போரின் நலமும் எப்பொழுதும் ஒன்றாயிருப்பதில்லை. களப்பில் உவர்நீர் வந்து கலத்தல் இறாலுக்கும் மீனுக்கும் வேண்டியது, வயலுக்கு வேண்டாதது. ஆதலால் இரவோடிரவாகத் தனியார் சிலர் திட்டியை வெட்டுதல் அயலவரைப் பகைவராக்கும் செயலாகும். கமக்காரர் அமைப்பும் மீனவர் சங்கமும் மாவட்ட நிருவாகத்தின் முன்னிலையில் மாரிக்கு முன்னரே கூடி, எவ்வளவு நீர்மட்டத்தில், எவ்விடத்தில், கடலின் எந்நிலையில் வெட்டுவது என்பதைத் தீர்மானித்து வைத்தல் வேண்டும். வெள்ளம் வந்தபின் கூடும் கூட்டத்தில் நிதானம் இராது.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் 1950களில் அமைந்த தடுப்பணைகள், கடல்நீரைத் தடுத்து மழைநீரைத் தேக்கி, உட்கடனீரேரிகளையும் அவற்றை அண்டிய நிலங்களையும் ஆண்டுதோறும் சிறிது சிறிதாக நன்னீராக்கும் நோக்கமுடையன. பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் வகுத்த, யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு என்னும் திட்டத்தோடு சேர்ந்தன இவை. கதவுகள் பழுதடைந்து ஒழுகிய காலங்களில், பல மாரிகள் கழுவிய நிலத்தில் உவர்நீர் மீண்டும் புகுந்தது. தடுப்பணை கட்டப்பட்ட நாளன்று முடிந்துவிடும் வேலையன்று. அதன் பயன் கதவுகளைப் பேணுவோரின் கையில் உள்ளது. ஊரிலுள்ள சிறு உவர்த்தடுப்பு வரம்புகளுக்கும் மதகுகளுக்கும் இது பொருந்தும்.

மாரிக்கு முன் செய்யவேண்டியவை

1. கடல் அல்லது களப்புப் பக்கத்து வரம்புகளை ஐப்பசி மழைக்கு முன் உயர்த்திக் கட்டுதல் வேண்டும். நண்டுப் பொந்துகளையும் எலிப் பொந்துகளையும் அடைத்து, வரம்பின்மேல் புல் வளரவிடுதல் நன்று. வரம்பு உடையும் இடம் பெரும்பாலும் பழைய பொந்தாகவே இருக்கும்.

2. வடிகால் வாய்க்கால்களைக் கடைவாய் வரை தூரெடுத்தல் வேண்டும். தம் வயலோரத்தை மாத்திரம் துப்புரவாக்குவதாற் பயனில்லை. கீழ்வயலாரும் மேல்வயலாரும் ஒருநாளிற் கூடிச் செய்தலே முறை.

3. வாய்க்கால் களப்பைச் சேருமிடத்தில் ஒருபக்கமாக மாத்திரம் திறக்கும் கதவு அமைத்தல் நலம். வயல்நீர் உயர்ந்திருக்கும்போது கதவு தானே திறந்து நீரை வெளிவிடும். வெளிநீர் உயரும்போது அதுவே மூடிக்கொள்ளும். இதற்கு நீர்ப்பாசன, கமநல உத்தியோகத்தரின் ஆலோசனையைப் பெறலாம்.

4. விதைநெல்லையும் பசளையையும் நிலத்தில் வையாது உயர்ந்த இடத்திற் சேமித்தல் வேண்டும். வயல் அழிந்தாலும் விதை இருப்பின் மறுவிதைப்புக்கு வழியுண்டு.

5. பயிர்க் காப்புறுதியை விதைப்புக்கு முன்னரே ஒழுங்கு செய்தல் வேண்டும்.

6. வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தல்களைப் புயற்காலத்தில் நாள்தோறும் கேட்டல் வேண்டும். கடல் ஏறும் என எச்சரித்தால், மக்களையும் மாடுகளையும் மேட்டுநிலத்துக்குக் கொண்டுசெல்லுதலே முதற் கடமை. அவ்வேளையில் வரம்பைக் காக்கச் செல்லுதல் கூடாது. வரம்பை மீண்டும் கட்டலாம்.

கடல்நீர் ஏறிய பின் செய்யவேண்டியவை

முதல் வேலை, நின்ற நீரை வடித்தல். கடல்மட்டம் இறங்கியதும் வரம்பின் தாழ்ந்த பக்கத்தை வெட்டி, நீரைக் காலந்தாழ்த்தாது வெளியேற்றுதல் வேண்டும். பள்ளத்தில் எஞ்சிய நீரையும் சிறு வாய்க்கால் கீறி வடித்தல் வேண்டும். வெயில் அதனை வற்றச்செய்ய விடலாகாது.

இரண்டாவது, கடல் கொண்டுவந்து படிய விட்ட சேற்றையும் வெண்ணிற உப்புப் படையையும் மண்வெட்டியால் வழித்து, வயலுக்கு வெளியே அகற்றுதல். அகற்றுமுன் உழுதால் உப்பு மண்ணின் அடிவரை கலந்துவிடும்.

மூன்றாவது, மழைநீராற் கழுவுதல். வரம்பைக் கட்டி மழைநீரைத் தேக்கிச் சில நாள் நிற்கவிட்டு, நீர் உப்பைக் கரைத்தபின் வடித்து, மீண்டும் தேக்குதல் வேண்டும். நீர் நன்றாக இறங்கி வடியும் நிலத்தில், ஓரடி ஆழமான மண்ணைக் கழுவ ஓரடி நீர் அதன் வழியே செல்லுமாயின், உப்பில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு நீங்கும். மாரியின் நடுவில் கடல் ஏறிய வயலுக்கு அம்மாரியின் எஞ்சிய மழையே மருந்து. அதனை வீணே ஓடவிட்டவர் அடுத்த மாரி வரை காத்திருக்க நேரும்.

நான்காவது, மண்ணைப் பரிசோதித்தல். வயலின் மேட்டிலும் பள்ளத்திலும் வேறுவேறாக மண்ணெடுத்து விவசாயப் போதனாசிரியரிடம் ஒப்படைத்து, உவர்த்தன்மையை அறிந்த பின்னரே மீண்டும் விதைத்தல் வேண்டும். களிநிலத்தில் சோடியம் ஒட்டியிருப்பதாகக் காணப்பட்டால் ஜிப்சம் இடும்படி ஆலோசனை கூறப்படலாம். ஜிப்சம் இட்டபின் நன்னீராற் கழுவி வடிக்காவிடின் அதனாற் பயனில்லை. பரிசோதியாது இடுதல் பணவிரயமாகும்.

ஐந்தாவது, நிலத்தை வெறுமையாகக் காயவிடாமை. வெயில் மண்ணின் ஈரத்தை மேலிழுக்க, அடியிலுள்ள உப்பும் அதனோடு மேலேறிப் படியும். வைக்கோல், இலைகுழை முதலியவற்றால் நிலத்தை மூடுதலும், மாட்டெரு, கூட்டெரு, உமிக்கரி ஆகியவற்றை இடுதலும் மண்ணைப் பொலபொலப்பாக்கி நீர் இறங்க வழிசெய்யும். உவரைத் தாங்கும் தக்கைப்பூண்டை விதைத்து, பூக்குமுன் மடக்கி உழுதலும் நன்று.

ஆறாவது, சேதத்தைக் கமநல சேவை நிலையத்துக்கு உடனே அறிவித்தல். வயலை மீண்டும் உழுதபின் சேதத்தை மதிப்பிடுதல் கடினம்.

விதைப்பும் இனத் தெரிவும்

உவர்ப்புள்ள வயலில் மழைக்கு முன் புழுதி விதைப்புச் செய்தல் தக்கதன்று. கோடை முழுவதும் மேலேறிய உப்பு அப்போது மேல்மண்ணில் நிற்கும். முதல் மழைநீரைத் தேக்கி வடித்து, உப்புக் குறைந்தபின் விதைத்தலோ நடுதலோ நன்று. நாற்று நடுவோர், நன்னீருள்ள மேட்டுநிலத்தில் நாற்றுமேடை அமைத்து, வழக்கத்திலும் சற்று முதிர்ந்த, ஏறத்தாழ 30 நாள் வயதுடைய நாற்றை நடலாம். குத்தொன்றுக்கு ஓரிரு நாற்றைக் கூட்டி வைத்தல் இழப்பை ஈடுசெய்யும்.

நெல்லினங்களுள் அம்பலாந்தோட்டையில் உருவாக்கப்பட்ட ஏ.ரி. 354, ஏ.ரி. 401 என்பனவும், பத்தலகொடையில் உருவாக்கப்பட்ட பி.ஜி. 369 என்பதும் உவர்ப்பை ஓரளவு தாங்குவன. ஓரளவு என்பதை மனங்கொள்ளல் வேண்டும். கடல்நீரில் விளையும் நெல் இல்லை. கழுவாத வயலை இனம் காப்பாற்றாது. கழுவிய வயலில் எஞ்சிய உப்பையே அது தாங்கும்.

தோட்டச் செய்கையில் உயர்ந்த பாத்திகளும் ஆழ்ந்த வடிகால்களும் வேண்டும். உப்பு நீங்கும் வரை போஞ்சி, கரட், வெங்காயம் முதலியவற்றைத் தவிர்த்து, பீற்றூட் போன்ற தாங்கும் பயிர்களைச் சிறு நிலத்திற் பரீட்சித்துப் பார்த்தல் நன்று. ஒரு பாத்தி கருகுவது ஒரு தோட்டம் கருகுவதிலும் மேலானது.

எல்லா நிலத்தையும் நெல்லுக்கே வைத்திருத்தல் எக்காலத்திலும் இயலும் என்று கூறுதல் உண்மையாகாது. ஆண்டுதோறும் உவர்நீர் ஏறி, இரண்டு மூன்று மாரி கழுவியும் மீளாத மிகத் தாழ்ந்த ஓரங்கள் சில உண்டு. அவற்றில் மீண்டும் மீண்டும் விதையையும் கூலியையும் கொட்டுவதிலும், அவ்வோரத்தைக் கண்டலுக்கும் புல்லுக்கும் விட்டு, அதன் உட்புறத்தில் உறுதியான வரம்பமைத்து எஞ்சிய வயலைக் காத்தல் விவேகமாகும்.

கரையின் காவல்

மணற்றிட்டியும் கண்டற்காடும் கமக்காரர் சம்பளங் கொடாத காவலாளர். கண்டலின் வேரும் அடிமரமும் அலையின் வேகத்தைக் குறைத்துச் சேற்றைப் பிடித்து வைக்கும். மணற்றிட்டியை அடம்பனும் இராவணன் மீசையும் பின்னிப் பிடித்து நிற்கும். மணல் ஏற்றுவதற்காகத் திட்டியை வெட்டுதலும், விறகுக்காகக் கண்டலைத் தறித்தலும், மாட்டை விட்டு அடம்பனை மிதிப்பித்தலும் கடலுக்கு வாயில் திறந்து விடுதலை ஒக்கும். ஒரு திட்டியில் ஒருவர் வண்டி ஏற்றத் திறந்த பாதை, புயலன்று அவ்வூர் வயல் அனைத்துக்கும் கடல் வரும் வழியாகும்.

அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்பது இந்நாட்டுப் பழமொழி. கரையோர வயல்களைக் காக்கும் வேலை ஒவ்வொன்றும் இப்பழமொழிக்கு உட்பட்டது. வாய்க்காலைக் கடைவாய் வரை துப்புரவாக்குதலும், முகத்துவாரத்தைக் காலமறிந்து வெட்டுதலும், கதவைப் பேணுதலும், கிணற்றை அளவறிந்து இறைத்தலும் தனியொருவரால் முடிவனவல்ல. ஒருவர் அடைக்காத பொந்தால் பலருடைய வயல் உவராகும். வரும் மாரிக்கு முன், கரையோரக் கமக்காரர் அமைப்பு ஒவ்வொன்றும் ஒருநாள் கூடி, தம் ஊர் வரம்பையும் வாய்க்காலையும் மதகையும் கடல் தொடக்கம் வயல் வரை நடந்து பார்வையிட்டு, வேலைகளைப் பகிர்ந்துகொள்ளுமாயின், கடல் ஏறினும் வயல் மீளும்.